தாய்ப்பாலில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்க்க முடியுமா?

குடியாத்தத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் தம் அக்காவுக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது. அக்காவுக்கு ஐந்தாம் மாதத்தில் நம்பிக்கை மையத்தில் எடுத்த பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்து, அந்த வாரத்திலிருந்தே வைரஸை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிட்டு வருகிறார். பிரசவம் நல்லபடியாக முடிந்து குழந்தைக்கு இன்றோடு 20 நாள் ஆகிறது. தெரிந்தவர் ஒருவர், "பாலை லேபில் கொடுத்து டெஸ்ட் பண்ணுங்கள், அதில் கிருமி இல்லையென்று வந்தால் தைரியமாகக் கொடுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். வேலூரில் அந்தப் பரிசோதனையை எங்கே செய்வார்கள், எவ்வளவு செலவாகும் என்பதுதான் கேள்வி. கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல இன்னொரு வரியும் இருக்கிறது: "ரிசல்ட் தெரியும் வரைக்கும் பயந்துகொண்டு பகலில் பவுடர் பாலும் ராத்திரியில் தாய்ப்பாலுமாகக் கொடுத்து வருகிறோம்."

வேலூரில் ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் நான். முழுப் பதிலையும் நிதானமாகப் படிக்கலாம், தம்பி. அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியவற்றில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்தக் கடைசி வரிதான். இரண்டு பாலையும் மாற்றி மாற்றிக் கொடுப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அதற்காகத் தாய்ப்பாலை ஒரேயடியாக நிறுத்திவிடவும் வேண்டாம். அக்கா மாத்திரையைத் தவறவிடாமல் சாப்பிடுகிறார், குழந்தைக்கு மையத்தில் கொடுத்த எச்.ஐ.வி. தடுப்பு சிரப்பும் ஊற்றப்படுகிறது என்றால், தாய்ப்பாலை மட்டும் கொடுத்துக்கொண்டு, நாளைக் காலையிலேயே அவர் மாத்திரை வாங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள். அதற்கான காரணங்களைப் பின்னால் சொல்கிறேன்.

இனி கேட்ட கேள்விக்கு வருகிறேன். தாய்ப்பாலில் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க முடியும். ஆராய்ச்சிக்காகப் பல நாடுகளில் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தாய் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிப்பதற்காகச் செய்கிற பரிசோதனையாக அது எங்கும் வழக்கத்தில் இல்லை. வேலூரில் மட்டும் கிடைக்காத ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். சென்னைக்குப் போனாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், அதை நம்பி முடிவெடுக்கத்தக்க ஒரு அறிக்கை உங்கள் கைக்கு வராது. ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், அந்தத் தெரிந்தவர் மறுபடியும் வந்து கேட்கும்போது நீங்களே விளக்கிவிடலாம்.

பாலின் வழியாக இந்த வைரஸ் குழந்தைக்குப் போகும் என்பதே 1985-இல்தான் தெளிவாகத் தெரியத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பிறகு ஏற்றிய இரத்தத்தின் மூலம் தொற்று ஏற்பட்டது; அவரிடம் பால் குடித்த குழந்தைக்கும் பின்னர் தொற்று இருப்பது தெரிந்தது. கருவில் இருந்தபோதோ பிறந்தபோதோ தாய்க்கே தொற்று இல்லாததால், பாலைத் தவிர வேறு வழியை யாராலும் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டில், அறிகுறி எதுவும் இல்லாத, ஆனால் தொற்று உள்ள 3 பெண்களின் பாலிலிருந்து, அணுக்களை நீக்கிய நீர்ப்பகுதியிலிருந்தே வைரஸைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். முறை பரவிய பிறகு, 1990-களில், பாலில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் ஆய்வுகள் ஹைட்டி, ருவாண்டா, கென்யா என்று பல இடங்களில் நடந்தன.

பாலில் இந்த வைரஸ் இரண்டு விதமாக இருக்கிறது. நீர்ப்பகுதியில் தனித்துகளாக மிதப்பது ஒன்று. அதற்குள் இருக்கும் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. பாலோடு சேர்ந்து வரும் வெள்ளையணுக்களின் டி.என்.ஏ.வுக்குள் தன்னைத் தைத்துக்கொண்டு பதுங்கியிருப்பது மற்றொன்று. ஆகவே "பாலில் கிருமி இருக்கிறதா" என்று நாம் ஒரே கேள்வியாகக் கேட்பது ஆய்வகத்துக்கு இரண்டு கேள்வி. இரண்டுக்கும் வேறு வேறு பகுதியை எடுத்து, வேறு வேறு முறையில் பார்க்க வேண்டும்.

பால் வந்து சேர்ந்ததும் என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன். அப்படியே ஃப்ரீஸரில் வைத்துவிடக் கூடாது; உறைந்தால் அணுக்கள் வெடித்து உள்ளே இருப்பது வெளியே கலந்துவிடும், பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. அதனால் முதலில் குழாயில் ஊற்றிச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்ற வேண்டும். சுழன்று நின்ற குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூன்று அடுக்கு தெரியும். மேலே, ஆறிய குழம்பின் மேல் எண்ணெய் உறைந்தாற்போல ஒரு கொழுப்பு மூடி. நடுவில், மோர் தெளிந்த நீரைப்போல வெளிறிய ஒரு திரவம். தனித்துகளாக மிதக்கும் வைரஸை இதில்தான் தேட வேண்டும். அடியில், குழாயின் கூர்முனையில், கடுகளவுகூடத் தேறாத ஒரு மங்கலான படிவு, அணுக்கள் அதில்தான். சீம்பாலாக இருந்தால் அந்தப் படிவு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மாதம் ஆக ஆகக் குறைந்துகொண்டே போகும். கொழுப்பு மூடியைக் கலைக்காமல் நடுத் திரவத்தை உறிஞ்சி எடுப்பதற்கே கை பழக வேண்டும். பிப்பெட்டின் முனையில் ஒரு துளி கொழுப்பு ஒட்டினால் போதும், வேலை கெட்டுவிடும்.

ஏனென்றால் பால் பி.சி.ஆருக்கு ஒத்துவராத பொருள். அதிலுள்ள கொழுப்பும், கால்சியமும், லாக்டோஃபெரின் என்ற புரதமும் அந்த வினையை நடக்கவிடாமல் தடுக்கக்கூடியவை. பாலிலேயே இருக்கும் சில நொதிகள் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்தும் விடும். இயற்கை குழந்தையைக் காப்பாற்றுவதற்காகப் பாலில் வைத்த காவலே ஆய்வகத்துக்குத் தொல்லையாகிறது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு. வினை தடைபட்டால் கருவி "இல்லை" என்றுதான் காட்டும். உண்மையிலேயே வைரஸ் இல்லாததால் வந்த "இல்லை"க்கும், வினையே நடக்காததால் வந்த "இல்லை"க்கும் தாளில் வேறுபாடு தெரியாது. அதைக் கண்டுகொள்வதற்காக ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவு வேறொரு மரபுப்பொருளைக் கலந்து, அது மீண்டும் கிடைக்கிறதா என்று பார்ப்பார்கள். மருத்துவமனைகளில் இருக்கும் வைரஸ் அளவுக் கருவிகள் இரத்தத்தின் பிளாஸ்மாவுக்காகச் சரிபார்த்து ஒப்புதல் பெற்றவை. அவற்றில் பாலை ஊற்றினாலும் ஏதோ ஒரு எண் வரத்தான் செய்யும். அந்த எண்ணுக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

சரி, எல்லாத் தடைகளையும் தாண்டி மிகச் சரியாகச் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு இடிக்கிறது. சிகிச்சை எடுக்காத தாயின் பாலில் வைரஸ் அளவு அவருடைய இரத்தத்தில் இருப்பதைவிடப் பொதுவாக நூறு மடங்கு குறைவாக இருக்கும். கருவி ஒரு மில்லிலிட்டருக்கு 50-க்குக் கீழே இருப்பதைக் காணாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலில் 40 இருந்தால் அறிக்கையில் "காணப்படவில்லை" என்று வரும். ஆனால் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி குடிக்கிறது. 40-ஐ 750-ஆல் பெருக்கினால் 30,000. நாம் சோதித்தது ஒரு மில்லி. குழந்தை குடித்தது முக்கால் லிட்டர், அதுவும் தினமும். குடித்த ஒவ்வொரு துகளும் தொற்றை உண்டாக்கிவிடாது என்பதும் உண்மைதான்; பாலிலேயே இருக்கும் தற்காப்புப் பொருட்களும் குழந்தையின் குடற்சுவரும் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகின்றன. மருந்தே இல்லாத காலத்திலும் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தொற்று ஏற்படாததற்கு அதுவே காரணம். ஆனாலும் "காணப்படவில்லை" என்ற சொல்லை "இல்லவே இல்லை" என்று படிக்கக் கூடாது என்பதற்காக இந்தக் கணக்கைச் சொன்னேன்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாலில் வைரஸ் எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. இன்று காணப்படாதது அடுத்த வாரம் காணப்படும். ஒரே தாயின் இடப்பக்கப் பாலிலும் வலப்பக்கப் பாலிலும் வேறு வேறு அளவு இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதற்கு ஒரு முக்கியக் காரணம் பால் கட்டிக்கொள்வது. மார்பில் பால் தேங்கி வீக்கம் கண்டால், பால் சுரக்கும் அணுக்களுக்கு இடையே உள்ள இறுக்கமான பூட்டுகள் தளர்ந்து, இரத்தத்திலிருக்கும் சோடியமும் வெள்ளையணுக்களும் அவற்றோடு வைரஸும் பாலுக்குள் கசியும். வெளியே சிவப்போ வலியோ காய்ச்சலோ தெரியாமலேயே இது நடக்கலாம். பாலில் சோடியம் பொட்டாசியத்தைவிட ஏறியிருப்பதை வைத்து அப்படிப்பட்ட மறைமுக வீக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொள்கிறார்கள். அத்தகைய பாலில் வைரஸ் கூடுதலாக இருப்பதும் தெரியவந்திருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை எடுத்துச் சென்ற பாலின் அறிக்கை வியாழக்கிழமை பால் கட்டிக்கொண்ட மார்புக்குச் செல்லாது.

"இருக்கிறது" என்று வந்தால் மட்டும் அது முடிவைச் சொல்லிவிடுமா? அதுவும் சொல்லாது. ஏ.ஆர்.டி. மருந்து நீர்ப்பகுதியில் மிதக்கும் வைரஸை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் அணுக்களுக்குள் பதுங்கியிருக்கும் டி.என்.ஏ.வை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் வைரஸ் காணப்படாத நிலையை அடைந்த தாயின் பாலிலும் அணுக்களைச் சோதித்தால் டி.என்.ஏ. தென்படக்கூடும். அப்படிப்பட்ட தாய்மார்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் தொற்றில்லாமல்தான் வளர்கிறார்கள். அந்த அறிக்கையைப் பார்த்துப் பயந்து பாலை நிறுத்தினால் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

இதைவிட மோசமான ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் பச்சை உடம்புக்காரி ஒருவரும் அவருடைய மாமியாரும் ஒரு அறிக்கையோடு வந்தார்கள். பெயர் சொல்ல வேண்டாத ஒரு சின்ன லேபில், விரலில் ஊசி குத்திப் பார்க்கும் ரேப்பிட் கிட்டில் இரத்தத்துக்குப் பதில் பாலைச் சொட்டுவிட்டு, இரண்டு கோடு வந்ததைப் பார்த்து "பாலில் எச்.ஐ.வி. பாசிட்டிவ்" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கிட் காட்டுவது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. தொற்றுள்ள எந்தத் தாயின் பாலிலும் எதிர்ப்பொருள் இருக்கத்தான் செய்யும். தாயின் இரத்தத்தில் ஏற்கெனவே தெரிந்த செய்தியைத்தான் அது மறுபடியும் சொன்னது. அந்தத் தாளை நம்பி 9 நாளாகக் குழந்தைக்குப் பால் கொடுக்கவில்லை. மருமகளின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து ஒட்டியிருக்க, மாமியார் கையில் புட்டியோடு உட்கார்ந்திருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எதிர்ப்பொருளுக்கும் வைரஸுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை வேலூர்க்காரர்கள் மறக்கவே கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது 1986-இல். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளைப் பரிசோதிக்கச் சென்னையில் அப்போது வசதியில்லாததால், அவற்றை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அங்கே எலிசா என்ற பரிசோதனைத் தட்டில் 6 குழிகள் மஞ்சளாக மாறின. பிறகு அமெரிக்காவிலும் அது உறுதி செய்யப்பட்டது. அந்த மஞ்சள் நிறம் காட்டியது எதிர்ப்பொருளைத்தான். பெரியவர்களுக்கு அது போதும். குழந்தைக்குப் போதாது, ஏனென்றால் தாயின் எதிர்ப்பொருள் கருவிலேயே தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்துவிடுகிறது, 18 மாதம் வரைகூட அதன் உடம்பில் தங்கியிருக்கிறது. உங்கள் அக்கா குழந்தையின் இரத்தத்தை இன்று சாதாரண கிட்டில் சோதித்தால் "பாசிட்டிவ்" என்றுதான் வரும். அதற்குக் குழந்தைக்குத் தொற்று இருக்கிறது என்று பொருளில்லை. யாராவது அப்படிச் செய்துபார்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் எதைச் சோதிப்பது? இரண்டைச் சோதிக்க வேண்டும்: தாயின் இரத்தம், குழந்தையின் குதிகால்.

தாயின் இரத்தத்தில் பார்ப்பது வைரஸ் அளவு; மையத்தில் "வைரல் லோடு" என்பார்கள். பாலில் வைரஸ் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இரத்தத்திலிருந்துதான். கிணற்றில் நீர் இறங்கினால் வாய்க்காலிலும் இறங்கும் என்பதுபோல, இரத்தத்தில் வைரஸ் அடங்கினால் பாலிலும் அடங்குகிறது. பாலைச் சோதிப்பதைவிட இரத்தத்தைச் சோதிப்பது நம்பகமானது, கருவிகள் அதற்கென்றே செய்யப்பட்டவை, அரசு மையங்களில் இலவசம். கர்ப்பிணிகளுக்கு 32-ஆம் வாரத்திலிருந்து 36-ஆம் வாரத்துக்குள் ஒருமுறை இதை எடுக்க வேண்டும் என்பது நம் நாட்டு நடைமுறை. அந்த முடிவை வைத்துத்தான் குழந்தைக்கு எந்தத் தடுப்பு மருந்து, எத்தனை வாரம் என்று தீர்மானிக்கிறார்கள். 1,000-க்குக் கீழே இருந்தால் கட்டுக்குள் இருக்கிறது என்றும், அதற்கு மேலே இருந்தால் குழந்தைக்கு ஆபத்து அதிகம் என்றும் கொள்வார்கள். அக்காவின் ஏ.ஆர்.டி. புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். அந்த எண் அதில் இருந்தால், நீங்கள் பாலைச் சோதித்துத் தெரிந்துகொள்ள விரும்பியதில் பெரும்பகுதிக்கு விடை ஏற்கெனவே உங்கள் வீட்டில் இருக்கிறது. இல்லையென்றால் நாளைக்கே கேட்டு எடுத்துவிடுங்கள். ஐந்தாம் மாதத்திலிருந்து இப்போது கொடுக்கப்படும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டிருந்தால், பிரசவத்துக்குள் அளவு நன்றாக இறங்கியிருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. இடையில் நாட்கள் விட்டுப்போயிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று மறைப்பவர்கள் நிறைய. மறைத்தால் குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய மருந்து மாறிப்போகும்.

இந்த மாத்திரை எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது என்பதற்கு எண்களே சாட்சி. மருந்தில்லாத காலத்தில், நைரோபியில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 37 பேருக்கும், பவுடர் பால் குடித்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 20 பேருக்கும் இரண்டு வயதுக்குள் தொற்று ஏற்பட்டது. அதே ஆய்வில் இரண்டு வயதுக்குள் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பவுடர் பால் தொற்றைக் குறைத்தது, உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றிவிடவில்லை. பிற்பாடு மருந்து வந்தது. இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்று 2018-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், தாய்க்கு ஏ.ஆர்.டி. அல்லது குழந்தைக்கு நெவிரபின் என்ற தடுப்பு மருந்து கொடுத்துக்கொண்டே தாய்ப்பாலூட்டியபோது, 2,400-க்கும் மேற்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் காலத்தில் தொற்று ஏற்பட்டது 14 பேருக்கு மட்டும். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. சுழியம் என்று சொல்ல முடியாது. கணவன் மனைவி உறவில் வைரஸ் காணப்படாத நிலையில் தொற்று பரவாது என்று உறுதியாகச் சொல்கிறோமே, அந்த உறுதியைத் தாய்ப்பாலுக்கு அப்படியே நீட்டித்துச் சொல்ல முடியவில்லை. உங்கள் அக்கா இதை அறிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். தாய்ப்பாலை மட்டும் கொடுப்பதா, பவுடர் பாலை மட்டும் கொடுப்பதா என்று இரண்டு வழி இருக்கும்போது, பாதி பாதி கொடுத்தால் ஆபத்தும் பாதியாகும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், 3 மாதம் முடிந்தபோது தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேருக்கு அருகில் தொற்று இருந்தது; கலந்து குடித்தவர்களில் 24 பேருக்கு. பச்சைக் குழந்தையின் குடற்சுவர் மென்மையானது; வெளிப்பாலும் தண்ணீரும் போனால் அது புண்ணாகி வீங்கி, வைரஸ் நுழைவதற்கு இடம் கொடுக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். தாய் மாத்திரை சாப்பிடும்போது இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் கலந்து கொடுத்துவிட்டோமே என்று தாய்ப்பாலையே நிறுத்த வேண்டியதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2016-இல் சொல்லியிருக்கிறது. நடந்த 20 நாளை நினைத்து யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். இனிமேல் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

கலப்பது பவுடர் பால் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். நம் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வருபவரிடம் ஒரு சங்கு கழுதைப்பால் வாங்கி ஊற்றுவது, வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் இழைத்து உரை மருந்து கொடுப்பது, வயிறு உப்பினால் கிரைப் வாட்டர், வெயில் காலத்தில் "தொண்டை காயுமே" என்று ஒரு பாலாடை வெந்நீர் எல்லாமே கலப்புதான். வேலூர் வெயிலிலும் 6 மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலில் இருக்கும் தண்ணீரே போதும். மருத்துவர் கொடுத்த நெவிரபின் சிரப்பு, கோட்ரைமாக்சசோல், தடுப்பு மருந்து ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றை நிறுத்தக் கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் காரணத்தைச் சொல்ல முடியாத நிலை இருந்தால், "டாக்டர் 6 மாசத்துக்கு ஒண்ணும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று சொன்னால் போதும். எல்லாத் தாய்மார்களுக்கும் மருத்துவர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், பொய்யும் ஆகாது.

பவுடர் பால் மட்டும் கொடுப்பதென்று அக்காவே தீர்மானித்தால் அதற்கும் உரிமை உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கும் கொதிக்கவைத்த நீர், கொதிநீரில் போட்டெடுத்த பாத்திரம், 6 மாதத்துக்குத் தட்டாமல் டப்பா வாங்கப் பணம், அக்கம்பக்கத்தில் "ஏன் பால் கொடுக்கல" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதில், இவ்வளவும் இருக்க வேண்டும். பணம் போதாமல் தண்ணீரைக் கூட்டிக் கரைத்த பாலில் குழந்தை இளைத்துப்போவதையும், வயிற்றுப்போக்கில் உயிர் போவதையும் இந்த மாவட்டத்தில் நான் பார்க்காமல் இல்லை. அந்த வழியைத் தேர்ந்தாலும், சுரந்துகொண்டிருக்கும் பாலைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தும்போது பால் கட்டிக்கொண்டு, மீதிப் பாலில் வைரஸ் அளவு ஏறுகிறது. மனசு கேளாமல் அழுகிற குழந்தைக்கு ஒருமுறை கொடுத்தால் அந்த ஒருமுறை மோசமான முறையாக இருக்கும். பால் வற்ற மார்பில் மல்லிகைச் சரத்தைக் கட்டும் நம் பாட்டிமார் வழக்கத்தை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலேயே ஆராய்ந்து, அதனால் சுரப்பு குறைகிறது என்று 1988-இல் எழுதியிருக்கிறார்கள். மல்லிகையோ மாத்திரையோ, எதுவானாலும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். ஓராண்டுக்குப் பிறகு பால் மறக்கடிக்கும்போதும் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

காம்பில் வெடிப்பு, இரத்தக் கசிவு, ஒரு பக்கம் சிவந்து வலி என்று எது வந்தாலும் அந்தப் பக்கப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, மறுபக்கத்தில் மட்டும் கொடுத்து, அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பீய்ச்சுவதை நிறுத்தினால் வீக்கம் கூடும். இரண்டு பக்கமும் வெடித்துவிட்டால், பீய்ச்சிய பாலைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்குள் அந்தக் குவளையை வைத்து, வெளித் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, ஆறவைத்துப் பாலாடையில் புகட்டலாம். அந்தச் சூட்டில் வைரஸ் செயலிழந்துவிடும். தாய்ப்பால் வங்கிகளில் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் காய்ச்சுவதும் இதே தத்துவம்தான். இது சில நாள் சமாளிப்பதற்கான வழி. ஓராண்டு முழுவதும் ஒருவரால் செய்ய முடிகிற வேலை இல்லை.

இனி குழந்தையின் குதிகால். 6 வாரம் முடிந்ததும் குதிகாலில் குத்தி, வடிதாள் அட்டையில் வட்டம் போட்ட இடங்களில் சொட்டுச் சொட்டாக இரத்தத்தை நிரப்பி, காயவைத்து, உறையிலிட்டுப் பி.சி.ஆர். செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பிழிந்து எடுக்காமல் தானாகத் திரண்ட சொட்டாக, அட்டையின் பின்புறம் வரை ஊறியிருக்க வேண்டும். அரைகுறை வட்டமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், குழந்தைக்கு மறுபடியும் குத்து. அதில் தேடுவது வைரஸின் மரபுப்பொருளையே என்பதால் தாயின் எதிர்ப்பொருள் குழப்பாது. ஆனால் 6-ஆவது வாரத்து "இல்லை" அதுவரைக்கும் உள்ள செய்தி மட்டுமே. பால் குடிக்கிற வரை வாய்ப்பு தொடர்வதால் 6-ஆம் மாதம், 12-ஆம் மாதம், பிறகு 18-ஆம் மாதம் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்; கடைசி முடிவு பால் நிறுத்திச் சில காலம் கழித்த பிறகுதான். முதல் பரிசோதனை நல்லபடியாக வந்ததும் "தப்பிச்சாச்சு" என்று அடுத்தவற்றுக்கு வராமல் போகிற குடும்பங்கள் உண்டு.

இந்தப் பரிசோதனைகளுக்கோ மாத்திரைக்கோ அரசு மையத்தில் காசு கேட்க மாட்டார்கள். விவரம் வெளியே போய்விடுமோ என்று அக்கா தயங்கினால், அவர் சம்மதமில்லாமல் அதை வெளியிடுவது 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி கூடாது என்று சொல்லுங்கள். நாளைக்குப் போகும்போது ஏ.ஆர்.டி. புத்தகத்தையும், குழந்தையின் தடுப்பூசி அட்டையையும், குழந்தைக்கு ஊற்றுகிற சிரப்பு பாட்டிலையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பாட்டிலில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைப் பார்த்தே செவிலியர் அளவு சரியாக ஊற்றப்படுகிறதா என்று சொல்லிவிடுவார். குதிகால் பரிசோதனைக்கான நாளையும் அங்கேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். 6 வாரத் தடுப்பூசிக்கும் அதே சமயம்தான், ஒரே அலைச்சலாக முடித்துக்கொள்ளலாம். இன்றைக்கு 20-ஆவது நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் 22 நாள் இருக்கிறது.